மார்பகப் புற்றுநோய்ச் செல்லாகக் கருதப்பட்ட மெலனோமா: எம்.டி.ஏ.-எம்.பி.-435 செல் வரிசை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

புற்றுநோயின் மூலக்கூறு உயிரியலில் ஈடுபட்டுள்ள பெரும்பாலான ஆய்வாளர்கள் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. ஒரு நோயாளியின் உடலிலிருந்து என்றோ எடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்பட்டுவரும் செல் வரிசையே அவர்கள் அன்றாடம் கையாளும் மூலப்பொருள். அது எந்த உறுப்பில் தோன்றிய புற்று என்பதைச் செல்லைப் பார்த்து அறிய முடியாது. குப்பியின்மேல் எழுதப்பட்டிருக்கும் பெயரை நம்பித்தான் வேலை தொடங்குகிறது. அந்தப் பெயரே தவறாக இருந்த ஒரு செல் வரிசையின் வரலாற்றை, அது உருவாக்கப்பட்ட 1976 முதல் ஐயம் தீர்ந்த 2018 வரை இக்கட்டுரை பதிவு செய்கிறது. சம்பந்தப்பட்ட நோயாளிகளும் ஆய்வாளர்களும் இங்கே பெயரால் சுட்டப்படவில்லை. இதில் எவரும் எதையும் மறைக்கவில்லை, எவரும் தரவைத் திரிக்கவில்லை. அப்படியிருந்தும் பிழை இவ்வளவு காலம் நிலைத்தது என்பதால்தான் இந்த நிகழ்வு விரிவாக ஆராயத்தக்கதாகிறது.

பின்னணி

1970-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் ஓர் ஆய்வுக் குழு மார்பகப் புற்றுச் செல்களை நீண்டகாலம் வளர்க்கும் முயற்சியில் இறங்கியிருந்தது. கட்டியையே வெட்டி எடுத்து வளர்த்தால், கூடவே வரும் இணைப்புத் திசுச் செல்கள் வேகமாகப் பெருகிப் புற்றுச் செல்களை ஓரங்கட்டிவிடும். ஆகவே, நோய் முற்றிய நிலையில் நுரையீரல் உறையில் கோத்துக்கொள்ளும் நீரை வடித்து, அதில் மிதக்கும் புற்றுச் செல்களை அக்குழு வளர்த்தது. இன்று உலகெங்கும் பயன்படும் எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்ற வரிசை 1973-இல் இவ்வழியில் கிடைத்ததுதான். 1976-இல், மார்பகப் புற்று பரவிய நிலையிலிருந்த 31 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறை நீரிலிருந்து எம்.டி.ஏ.-எம்.பி.-435 உருவாக்கப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு குழு மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்றால் பாதிக்கப்பட்ட ஓர் ஆணின் கட்டியிலிருந்து எம்-14 என்ற வரிசையை உருவாக்கியது. அதன் குப்பிகள் சில 1975 டிசம்பரிலேயே உறைநிலையில் வைக்கப்பட்டுவிட்டன. அப்போது அது ஒரு சாதாரணக் குறிப்பேட்டுப் பதிவு. நாற்பது ஆண்டுகளுக்கும் பின்னர் இந்த வழக்கின் தீர்ப்பே அந்தத் தேதியைச் சார்ந்திருக்க நேர்ந்தது.

செல் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் ஆபத்து அன்றைய ஆய்வாளர்களுக்குத் தெரியாததன்று. 1951-இல் பால்டிமோரில் உருவான ஹீலா செல்கள் வேறு பல வரிசைகளுக்குள் புகுந்து அவற்றை அழித்து இடத்தைப் பிடித்துக்கொண்டதை 1966-இலேயே ஒரு மரபியலாளர் எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் அக்காலத்துச் சோதனைகள் பெரிதும் ஹீலாவைப் பிடிப்பதற்கென அமைந்தவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே காணப்படும் ஒரு நொதியின் வகையையும் சில தனித்த குரோமோசோம்களையும் அவை தேடின. ஹீலா அல்லாத இரு செல்களில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் அமர்ந்துவிட்டால், அந்தச் சோதனைகள் பெரும்பாலும் வாய் திறக்கா. ஒருவரின் டி.என்.ஏ.வைக் கொண்டே அவரை அடையாளம் காணும் முறை 1984-இல்தான் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது.

இந்தச் செல்லைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள்

மார்பகப் புற்றால் ஏற்படும் மரணங்களில் பெரும்பான்மைக்குக் காரணம் முதற்கட்டி அன்று. அது நுரையீரல், எலும்பு, ஈரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவுவதுதான். அப்பரவலை ஆராய, எலியின் உடலில் தானாகப் பரவும் மனிதச் செல் தேவைப்பட்டது. பெரும்பாலான மார்பகப் புற்று வரிசைகள் எலியில் கட்டியாக வளர்ந்தாலும் அவ்விடத்திலேயே தங்கிவிட்டன. 435-ஐ எதிர்ப்பாற்றல் குறைந்த சுண்டெலியின் பால்சுரப்பிக் கொழுப்பில் செலுத்தியபோது, அது அங்கே கட்டியாகி, நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் தானே பரவியதாக 1990-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு, பரவலை ஆராய விரும்பிய குழுக்கள் இதைத் தேர்ந்தெடுத்தது முற்றிலும் நியாயமான முடிவு. தேவைப்பட்ட பண்பு அந்தச் செல்லிடம் உண்மையாகவே இருந்தது. அந்தப் பண்பு எந்த நோய்க்கு உரியது என்பதில்தான் தவறு இருந்தது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருந்துகளைச் சோதிக்க அமைத்த 60 செல் வரிசைத் தொகுப்பிலும் 435 மார்பகப் பிரிவில் இடம்பெற்றது. அதே தொகுப்பின் மெலனோமாப் பிரிவில் எம்-14 இருந்தது. ஒரே ஆளின் செல் என்று பின்னர் தெரியவந்த இரண்டும் இரு வேறு பிரிவுகளின் பிரதிநிதிகளாக அடுத்தடுத்துச் சோதிக்கப்பட்டு வந்தன. தொகுப்பு அமைந்து பத்தாண்டுகள் வரை அது எவர் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு பிரிவின் எண்களும் அந்தப் பிரிவுக்குள்ளேயே வைத்துப் பார்க்கப்பட்டதால், பிரிவுகளைக் கடந்து இரண்டை ஒப்பிட எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

கவனிக்கப்பட்டவை

2000-ஆம் ஆண்டில், இந்த 60 வரிசைகளிலும் ஏறத்தாழ 8,000 மரபணுக்கள் எந்த அளவில் இயங்குகின்றன என்பதை மைக்ரோஅர்ரே சில்லுகளால் ஒரு குழு அளந்தது. கிடைத்த எண்களை மட்டும் கொண்டு, செல் எந்த உறுப்பினது என்று சொல்லாமலேயே, ஒத்த செல்களை ஒன்றாகச் சேர்க்கும்படி கணினிக்கு விடப்பட்டது. ரத்தப் புற்றுகள் ஒரு பக்கம் சேர்ந்தன. பெருங்குடல் புற்றுகள் ஒரு பக்கம் சேர்ந்தன. மார்பகப் பிரிவைச் சேர்ந்த 435-உம், அதிலிருந்தே ஆய்வகத்தில் மாற்றி உருவாக்கப்பட்ட மற்றொரு வரிசையும் மெலனோமாக்களின் நடுவே போய் நின்றன. நிறமிச் செல்களுக்கே உரிய மரபணுக்கள் அவற்றில் இயங்கிக்கொண்டிருந்தன.

முன்முடிவு இல்லாத ஓர் அளவீடு எதைச் சாதிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அதுவரை இந்தச் செல்லில் தேடப்பட்டவை மார்பகப் புற்று தொடர்பான மூலக்கூறுகளே. மார்பகச் செல் என்று எழுதப்பட்ட குப்பியில் மெலனின் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தேட எவருக்குத் தோன்றும்?

விளக்கங்களும் எடுத்த முடிவுகளும்

இந்த நிகழ்வில் கற்பதற்கு மிகுதியாக உள்ள கட்டம் இதுவே. முரண்பட்ட முடிவு வெளியான பின் குறைந்தது மூன்று விளக்கங்கள் நிலவின.

முதலாவது, அந்தப் பெண்ணுக்கு எவரும் அறியாத மெலனோமா ஒன்றும் இருந்து, நுரையீரல் உறை நீரில் மிதந்தது அதன் செல்லாக இருக்கலாம் என்பது. இதன்படி குப்பி அவருடையதே. நோய் மட்டும் வேறு. இரண்டாவது, முதிர்ந்த புற்றுச் செல்கள் தம் இயல்பு குலைந்து, பிற உறுப்புக்குரிய மரபணுக்களையும் இயக்கக்கூடும் என்பது. பாலில் காணப்படும் சில புரதங்களுக்கான தடயங்கள் 435-இல் இருப்பதாகக் காட்டிய 2004-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. மூன்றாவது, செல்லே வேறு ஆளுடையது என்பது.

முதல் இரண்டு விளக்கங்களும் அறிவியல் அளவில் இயலாதவை அல்ல. புற்றுச் செல்கள் இயல்பு மாறுவது மெய்யாகவே நிகழ்கிறது. ஆனால் அவ்விரண்டும் குப்பியின் பெயரைத் தொடாமல் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைத்தன. மூன்றாவது விளக்கமோ எளிதில் சோதிக்கத்தக்கது. ஒரு கேள்விக்கு நேரடிச் சோதனை கையில் இருக்கும்போது, சோதிக்கக் கடினமான விளக்கங்களை முதலில் எடுத்துக்கொண்டதைத்தான் இந்த வழக்கின் முதன்மையான குறையாகக் கருதுகிறேன்.

இதற்கிடையே ஒரு குழு சரியான கேள்வியைக் கேட்டது: அந்தத் தொகுப்பில் இருந்த குப்பி மட்டும் மாறிப்போனதா, எல்லா ஆய்வகங்களிலும் உள்ள 435-உம் அப்படியேதானா? பல இடங்களிலிருந்து செல்களை வரவழைத்து ஒப்பிட்டு 2004-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, அனைத்தும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை, அந்த மூலம் மெலனோமாப் பண்புகளைக் காட்டியதுதான் என்பது. ஆகவே ஏதோ ஓர் ஆய்வகத்தில் நேர்ந்த கைத்தவறு என்று இதை ஒதுக்க வழியில்லாமல் போயிற்று. 2007-இல் அதே கேள்வியின் தொடர்ச்சியாகக் குரோமோசோம் அமைப்பையும் டி.என்.ஏ.வின் மாறுபடும் இடங்களையும் ஒப்பிட்டபோது, 435-உம் எம்-14-உம் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்று தெரிந்தது.

எஸ்.டி.ஆர். எனப்படும் அடையாளச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை இங்கே சற்று அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். மனித மரபணுத்தொகுதியில் நான்கு எழுத்துகள் கொண்ட சிறு துண்டு அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடங்கள் உள்ளன. ஓர் இடத்தில் ஒருவருக்குத் தந்தை வழியில் 9 முறையும் தாய் வழியில் 12 முறையும் வரலாம். இன்னொருவருக்கு அது 8, 11 என்று இருக்கலாம். இவ்வாறு எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களின் எண்களையும், பாலினத்தைக் காட்டும் அமிலோஜெனின் மரபணுவையும் சேர்த்துப் படித்தால், ஒரு வரி எண்களில் ஆளை அடையாளம் காணலாம். புற்றுச் செல்கள் பெருகும்போது சில இடங்களை இழப்பதால் முழுப் பொருத்தம் எதிர்பார்க்கப்படுவதில்லை. 80 விழுக்காட்டுக்கு மேல் பொருந்தினால் ஒரே மூலம் என்று கொள்ளப்படுகிறது. இது 2001-இலேயே செல் வரிசைகளுக்கான பொது அளவுகோலாக முன்மொழியப்பட்டிருந்தது. செலவும் அதிகமில்லை, சில நாட்களில் விடை வந்துவிடும்.

எதிர்வாதம்

ஒரே ஆள் என்று தெரிந்த பின்னும் வழக்கு முடியவில்லை. இரண்டும் ஒன்றென்றால், எது எதன் இடத்தைப் பிடித்தது? எம்-14 ஓர் ஆணுடையது. ஆனால் ஆய்வகங்களில் இருந்த எம்-14-இலும் சரி, 435-இலும் சரி, ஒய் குரோமோசோம் இல்லை; எக்ஸ் குரோமோசோமோ ஒன்றுக்கு மேல் இருந்தது. அப்படியானால் இவை பெண்ணின் செல்கள் அல்லவா, உண்மையில் காணாமற்போனது எம்-14 அல்லவா என்று 2009-இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கையில் இருந்த தரவைக் கொண்டு பார்த்தால் அது பொருத்தமானதே. ஆண்களின் புற்றுச் செல்கள் ஒய் குரோமோசோமை இழப்பதும், எஞ்சிய எக்ஸ் இரட்டிப்பதும் வழக்கமாகக் காணப்படுகின்றன என்பது மறுதரப்பின் பதில். இரு தரப்பும் செல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு பேசியதால் எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியவில்லை. தேவைப்பட்டது செல் வரிசைக்கு வெளியே இருக்கும் சான்று, அதாவது கொடையாளரின் உடலிலிருந்தே எடுத்த, புற்றல்லாத ஏதோ ஒன்று.

முடிவு

அந்தச் சான்று லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தது. எம்-14-ஐ உருவாக்கியவர்கள் அந்த நோயாளியின் ரத்தச் சீரத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். அவருடைய வெள்ளணுக்களிலிருந்து எம்.எல்.-14 என்ற இயல்பான செல் வரிசையையும் உருவாக்கி வைத்திருந்தார்கள். 1975 டிசம்பரில் உறையவைத்த எம்-14 குப்பிகளும் கிடைத்தன. 435 வளர்க்கப்படுவதற்கு முன்பே அவை மூடப்பட்டவை என்பதால், அவற்றுக்குள் 435 புகுந்திருக்க வழியே இல்லை.

இவற்றைச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வு, எம்.எல்.-14, கொடையாளரின் சீரம், 1975-ஆம் ஆண்டு எம்-14, பிற்கால எம்-14, 435 ஆகிய எல்லாம் ஒரே ஆளுடையவை என்றும், எஸ்.டி.ஆர். எண்களோடு பாலினமும் ரத்த வகையும் அந்த மெலனோமா நோயாளிக்கே பொருந்துகின்றன என்றும் காட்டியது. எம்-14 மெய்யானது, 435 தவறாகப் பெயரிடப்பட்டது. 31 வயதுப் பெண்ணின் செல்கள் என்று உறுதி செய்யத்தக்க 435 குப்பி எதுவும் இன்று எங்கும் இல்லை. அவர் தந்தது அறிவியலுக்குப் பயன்படாமலே போயிற்று என்பதை இந்த வழக்கின் இழப்புகளில் முதலாவதாக வைக்க வேண்டும்.

இடம் மாறியது எப்படி இயலும்

மாற்றம் எந்த நாளில், எந்த மேசையில் நிகழ்ந்தது என்பதற்குப் பதிவு கிடையாது. ஆயினும் அது எவ்வளவு எளிதில் நிகழும் என்பதைச் செல் வளர்ப்பு அறையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். இரண்டு வரிசைகளுக்கு ஒரே மீடியா (செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல்) பாட்டிலைப் பயன்படுத்தும்போது, ஒரு ஃபிளாஸ்க்கைத் தொட்ட பிப்பெட் மறுபடி பாட்டிலுக்குள் சென்றால் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிதாக வளர்க்கப்பட்ட, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் 10 லட்சம் செல்களுக்கு நடுவே, நாள்தோறும் இரட்டிக்கும் ஒரே ஓர் அந்நியச் செல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் முன்னவை ஆயிரம் மடங்காகி ஏறத்தாழ 100 கோடியாகும்; அந்த ஒற்றைச் செல்லின் வழித்தோன்றல்களும் 100 கோடியைத் தாண்டிவிடும். அடுத்த மாதத்தில் ஃபிளாஸ்க்கில் பழைய செல்லைத் தேடிப் பிடிப்பதே அரிது. நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கோ, செல்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டு வளரத் தொடங்கிவிட்டன என்ற நிறைவே ஏற்படும்.

பின்விளைவுகள்

நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் 435-ஐ மார்பகப் புற்றின் மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளன. அவை அனைத்தும் பயனற்றவை என்பது சரியான மதிப்பீடு அன்று. ஒவ்வொன்றும் எதன்மேல் நிற்கிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

பரவலை அடக்கும் பி.ஆர்.எம்.எஸ்.1 மரபணு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 11-ஆம் குரோமோசோமை 435-க்குள் செலுத்தினால் அது பரவும் ஆற்றலை இழக்கிறது என்ற கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக, 2000-ஆம் ஆண்டில் இந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. மார்பகப் புற்றுப் பரவலை அடக்குவது என்ற பொருளிலேயே அதற்குப் பெயரும் இடப்பட்டது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் 435-ஓடு நின்றுவிடாமல் எம்.டி.ஏ.-எம்.பி.-231 செல்லிலும் அதைச் சோதித்திருந்தார்கள். 2002-இல் மெலனோமாச் செல்களிலும் அது பரவலை அடக்குவதாகக் காட்டப்பட்டது. ஆகவே 435-ஐ நீக்கிவிட்டாலும் அந்த முடிவு நிற்கிறது. இரண்டாவது செல் வரிசையில் சோதிக்க அன்று செலவிட்ட சில மாதங்களே அதைக் காப்பாற்றின.

மருந்து ஆய்வில் எரிபுலின் கருதத்தக்கது. கடற்பஞ்சிலிருந்து பெறப்பட்ட ஒரு சேர்மத்தைப் பின்பற்றி உருவாக்கப்பட்ட இந்த மருந்தின் தொடக்க எலிச் சோதனைகளில் 435-உம் மார்பகப் புற்றாக இடம்பெற்றது. 2010-இல் அமெரிக்காவில் பரவிய மார்பகப் புற்றுக்கு எரிபுலின் அனுமதிக்கப்பட்டபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனை. எலியில் கிடைத்த சான்று வேறு நோயினுடையதாக இருந்தாலும், மனிதரில் கிடைத்த சான்று அதைச் சாராமல் தனித்து நின்றது. மனிதச் சோதனை வரை செல்லாமல், 435-இல் பலன் தரவில்லை என்பதற்காக மார்பகப் புற்று ஆய்வில் கைவிடப்பட்ட சேர்மங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. அவை கட்டுரைகளாக வெளிவருவதும் இல்லை என்பதால், அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறாது.

மெலனோமா ஆய்வுக்கோ இதில் ஒரு வரவு உண்டு. மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் காணப்படும் பிராஃப் மரபணுத் திரிபு, அதாவது 600-ஆவது இடத்தில் வேலினுக்குப் பதிலாகக் குளுட்டாமிக் அமிலம் அமைவது, 435-இலும் உண்டு. மார்பகப் புற்றில் அத்திரிபு மிக அரிது. ஆகவே எலியில் பரவும் மெலனோமா மாதிரியாக இச்செல் தன் உரிய இடத்தில் பயன்படுகிறது. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தொகுப்பிலும் அது இப்போது மெலனோமாப் பிரிவிலேயே உள்ளது.

மாற வேண்டியவை

சில மாற்றங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. தவறாக அடையாளப்படுத்தப்பட்ட செல் வரிசைகளின் பொதுப் பதிவேடு ஒன்றைப் பன்னாட்டுக் குழு ஒன்று பராமரித்து வருகிறது. அதில் 500-க்கும் மேற்பட்ட வரிசைகள் உள்ளன, 435-உம் அவற்றுள் ஒன்று. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2016 முதல், நிதி கேட்கும் ஆய்வாளர்கள் தம் செல்களை எவ்வாறு சரிபார்ப்பார்கள் என்று எழுதித் தர வேண்டும் என்கின்றன. பல ஆய்விதழ்களும் எஸ்.டி.ஆர். சோதனை முடிவைக் கேட்கின்றன.

இவை எல்லாம் செல் வரிசையை ஏற்கெனவே உள்ள ஒரு குறிப்போடு ஒப்பிடும் ஏற்பாடுகள். அந்தக் குறிப்பே தவறாக இருந்தால் சோதனை தவறையே உறுதி செய்யும். ஆகவே, புதிய செல் வரிசையை உருவாக்கும் ஒவ்வொரு குழுவும் முதல் நாளிலேயே, நோயாளியின் ஒப்புதலோடு, அவருடைய ரத்தத்தில் சிறிதளவைத் தனியே எடுத்து, அதன் எஸ்.டி.ஆர். எண்களைப் பதிவு செய்து, செல்லின் எண்களோடு சேர்த்து வெளியிட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் குழு வேறு நோக்கத்திற்காக வைத்திருந்த சீரம்தான் இந்த வழக்கைத் தீர்த்தது. அத்தகைய சேமிப்பு தற்செயலாக அமையக் கூடாது.

செல்லைப் பெறும் ஆய்வகங்கள், பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை வாங்கிவரும் பழக்கத்தைக் கைவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்திலிருந்தே பெற வேண்டும். வந்த உடன் ஒருமுறையும், கட்டுரைக்கான சோதனைகள் முடிந்த பின் ஒருமுறையும் அடையாளச் சோதனை செய்ய வேண்டும். தொடக்க நாட்களிலேயே போதிய குப்பிகளைத் திரவ நைட்ரஜனில் வைத்து, தேதியும் கையாண்டவர் பெயரும் எழுதிவைத்தால், பின்னர் ஐயம் எழும்போது திரும்பிச் சென்று பார்க்க ஓர் இடம் இருக்கும்.

பழைய கட்டுரைகளைப் பொறுத்தவரை, 435-ஐ மட்டுமே சார்ந்த மார்பகப் புற்று முடிவு எதையும், அடையாளம் உறுதியான வேறு மார்பக வரிசைகளில், குறைந்தது இரண்டிலாவது, மறுபடி செய்து பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. ஆய்விதழ்கள் அத்தகைய கட்டுரைகளைத் திரும்பப் பெறத் தேவையில்லை. செல்லின் உண்மையான மூலத்தைக் குறிப்பிடும் திருத்தக் குறிப்பை ஒவ்வொன்றின் முகப்பிலும் சேர்த்தால், மெலனோமா ஆய்வாளர்கள் அவற்றைத் தங்கள் துறையின் தரவாக எடுத்துப் படிக்க முடியும்.